என் வீட்டில் ஓடிய யூத கிராமத்துப் படம்

என் மகள் பதினெட்டாம் தேதி வீட்டை விட்டுப் போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோடு என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நாள் இருந்தது.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. எரிந்துபோன கடை, காணாமல்போன நகை, மாடிப்படியில் தானாகவே வழுக்கி விழுந்த மாமனார், எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். ஆபீஸில் எனக்குச் சல்லடை என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள், இப்போது மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுகிறார். சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு சேர்த்து அதையும் கழற்றி மாட்டிவிட முடியுமா? என் மனைவி இருபத்தாறு வருஷம் முயற்சி செய்துவிட்டுக் கைவிட்டுவிட்டாள்.

ஆரம்பம் டிவியில்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மறந்துபோன ஃபைல் ஒன்றை எடுக்க வீட்டுக்கு வந்தேன். மனைவி உள் அறையில் தையல் மெஷினில் இருந்தாள். சும்மா டிவியைப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து பார்க்க வேண்டுமா என்று கேட்டது. நான் எதையும் விடவில்லையே! சரி என்று அமுக்கினேன். பனி பெய்கிற ஒரு கிராமம், மரவீடுகள், தாடிக்காரர் ஒருவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு பெண் நிற்கிறாள். கீழே எழுத்து ஓடுகிறது. பழைய படம், நிறமெல்லாம் வெளுத்திருந்தது. ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்தில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், தான் ஒருவனை விரும்புவதாக.

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

புதன்கிழமையும் மதியம் வந்தேன். படம் மறுபடியும் அதே ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்தில் நின்றிருந்தது. ஒருத்தர் ஒரு படத்தை ஒரு தடவை பாதியில் நிறுத்தினால் அது தூக்கம். இரண்டு தடவை அதே இடத்தில் நிறுத்தினால் அது பாடம் படிப்பது. அந்தப் பெண் அப்பாவிடம் எப்படிப் பேசுகிறாள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள் என்று யாரோ என் வீட்டில் உட்கார்ந்து பயிற்சி எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் பேச வேண்டிய பெண் ஒருத்திதான் இருக்கிறாள். வயது இருபத்தைந்து. பல் செட் செய்கிற லேபில் வேலை.

அதற்குப் பிறகு தடயங்கள் தானாக வந்து காலில் விழுந்தன. சமையலறைக் காலண்டரில் பதினெட்டாம் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். சின்ன வட்டம் இல்லை, பக்கத்துத் தேதிகளையும் தொட்டுக்கொண்டு நன்றாகப் பெரியதாக. செருப்பு அலமாரியில் ஒரு புதுச் செருப்பு, பெட்டியோடு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் சினிமா டிக்கெட் இரண்டு. பழைய தியேட்டர், ஞாயிறு காலைப் பத்து மணிக் காட்சி, அதே யூத கிராமத்துப் படம். வீட்டில் இலவசமாக ஓடுகிற படத்தை யாராவது காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பார்களா? இருட்டுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது என்றுதான் வெளியே காட்டிக்கொண்டேன். உண்மையில் பயம். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைத்தால்கூட முதலில் என்னிடம்தான் வந்து சொல்வாள். இப்போது வாழ்க்கையையே முடிவு செய்துவிட்டு ஒரு தாடிக்காரரை வைத்து எனக்குச் சொல்லி அனுப்புகிறாள் என்றால், எங்கேயோ நான் கோட்டை விட்டிருக்கிறேன்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கேள்வியை நாள் விட்டு நாள் மூன்று தடவை கேட்பேன். உண்மை பேசுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். முதலில் மறந்ததை இரண்டாவதில் சேர்ப்பார்கள், மூன்றாவதில் வரிசையைக் குழப்புவார்கள். பொய் சொல்கிறவர்கள் மூன்று தடவையும் அச்சடித்த மாதிரி ஒன்றையே சொல்வார்கள். முப்பது வருஷத்தில் இந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

மகளிடம் ஆரம்பித்தேன். "போன ஞாயித்துக்கிழமை எங்கம்மா போயிருந்த?"

"படத்துக்குப்பா. பழைய படம். சூப்பரா இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை கேட்டபோது, "லேப் பக்கம் போயிட்டு அப்படியே படத்துக்குப் போனேன்" என்றாள். ஞாயிறு கேட்டபோது, "படத்துக்குப் போனேன்பா, பாதியில டீ குடிக்க வெளிய வந்தேன், லேபுக்கு அப்புறம்தான் போனேன். ஏன், லேப் எரிஞ்சு போச்சா? யாராவது இன்ஷூரன்ஸ் கேக்கறாங்களா?" என்றாள்.

என் கணக்குப்படி அவள் சொன்னது முழு உண்மை. ஆனால் பெற்றவனுக்குக் கணக்கு எங்கே நிற்கிறது? இவள் என் மகள், என் வித்தை தெரிந்து வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

மனைவியிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "எனக்கென்ன தெரியும், சாப்பிட வாங்க" என்றாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. கூட்டுச் சதி என்று புரிந்துவிட்டது. டிவி ஒயரைச் சரிபார்க்க வந்தவரைக்கூட நான் விடவில்லை. அந்தப் படத்தை யார் போடச் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒயர் மட்டும்தான் சார் எங்க வேலை" என்றார்.

கடைசியில் மனம் தாங்காமல் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்றால் என்னைவிட நாலு வயது மூத்தவள், ஐம்பத்தாறு. எங்களோடுதான் இருக்கிறாள். அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவள்தான். வரன் பார்த்தோம், தள்ளிப்போனது, பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை. பஸ் டெப்போவில் தொலைந்த பொருள் கவுன்டரில் வேலை. பயணிகள் விட்டுவிட்டுப் போகிற குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு முழுப் பல் செட், எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டி அலமாரியில் அடுக்குவாள்.

அவள் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் டிவி, காலண்டர், செருப்பு, டிக்கெட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"பதினெட்டாம் தேதின்னு எப்படிடா சொல்ற?" என்றாள்.

"வட்டம் போட்டிருக்கே!"

"வட்டம் யார் போட்டதுன்னு கேட்டியா?"

"கேட்டா சொல்லிடுவாளா? நீ கொஞ்சம் கவனிச்சுக்கக்கா. உன்கிட்டதான் அவ ஒட்டிக்குவா. ஏதாவது பேச்சுக் குடுத்துப் பாரு."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். எதையோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "சட்டையில பட்டன் தொங்குது, கழட்டிப் போட்டுட்டுப் போ, தெச்சுத் தரேன்" என்றாள்.

எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் எதிர்க்க முடியாது என்று அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. இதை நான் சொல்லியே ஆகவேண்டும்: படம் என் தலையில் மிளகாய் அரைக்கத்தான் வந்தது என்று தெரிந்தும், என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

தாடிக்காரர் தொப்பி தைக்கிறவர். கிராமத்தில் எல்லார் தலையின் அளவும் அவருக்கு மனப்பாடம். முதல் பாட்டே அதுதான். ஒவ்வொருத்தர் தலையையும் நூலால் அளந்துகொண்டே தெரு முழுக்க நடக்கிறார். தலையின் சுற்றளவு தெரிகிறது, உள்ளே ஓடுவது மட்டும் தெரியவில்லையே என்று பாடுகிறார். கசாப்புக்காரர் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டே குனிந்து தலையைக் காட்டுகிறார். மதகுரு அளக்க நின்ற இடத்திலேயே தூங்கிவிடுகிறார். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்ததை நோட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஒரு ஜன்னல், அடுத்த ஜன்னல், அதற்கடுத்தது என்று குன்றின் மேலிருந்து கேமரா காட்டுகிறது. பாட்டு ஒரே குரலில் தொடங்கி ஜன்னலுக்கு ஒரு குரலாகக் கூடிக்கொண்டே போகிறது. ஒரு வாரம் முழுக்க ஒருத்தரோடு ஒருத்தர் கிணற்றுக்காகச் சண்டை போட்ட ஜனங்கள், அந்த நேரத்தில் மட்டும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். இந்த இடத்தில் என் மனைவி தையலை நிறுத்திவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "பாட்டெல்லாம் சரி, அந்த ஆளுக்கு ஊசி பிடிக்கத் தெரியல, விரல்ல உறை போடாம எவன் தொப்பி தைப்பான்" என்றாள். ஆனால் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

மூத்த மகள் பக்கத்து ஊர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற பையனை விரும்புகிறாள். தொப்பிக்காரர் தரகர் மூலம் வேறு இடம் பேசி வைத்திருக்கிறார். ஒரு மணி பன்னிரண்டாம் நிமிஷத்தில் அவள் வாயைத் திறக்கிறாள். அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அளவு நூலை எடுத்துத் தன் தலையையே அளந்து பார்க்கிறார். நான் நோட்டில் எழுதினேன்: அறையில் ஐந்து பேர். அப்பா பலவீனமானவர். இவரைப் பார்த்து நான் இளகிவிடுவேன் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். அக்கா காலையிலேயே டெப்போவுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். ஒன்பதேகாலுக்கு மகள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். நான் மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனையில் டாக்ஸி பிடித்து, ஸ்கூட்டர் பின்னாலேயே போகச் சொன்னேன். "பொண்ணா சார்?" என்றார் டிரைவர். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பொண்டாட்டின்னா வேகமாப் போகச் சொல்வாங்க" என்றார்.

பழைய தியேட்டர். நானூறு பேர் உட்காரலாம், நாற்பது பேர்கூட இல்லை. நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், சீட்டின் ஸ்பிரிங் முதுகைக் குத்தியது. நடுவில் ஐந்தாறு வரிசை தள்ளி என் மகளின் தலை. அவளுக்கு வலப்பக்கம் ஓர் ஆண். அவனுக்கும் அந்தப் பக்கத்தை ஒரு தூண் மறைத்தது, மறைக்கட்டும், எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. அவன் குனிந்து என் மகளிடம் ஏதோ சொன்னான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளக்கை அணைத்தார்கள்.

நான் அவன் தலையை மட்டும்தான் பார்க்க வந்தேன். ஆனால் அந்தத் திரை! வீட்டு டிவியில் தீப்பெட்டி அளவு தெரிந்த கிராமம் இங்கே ஒரு தெரு அகலத்துக்கு விரிந்தது. மெழுகுவத்திப் பாட்டு வந்தபோது கடைசி ஜன்னலில் ஒரு பூனைகூடத் தெரிந்தது. அவன் தலையை விட்டுவிட்டு ஜன்னல்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். சந்தேகப்பட வந்த இடத்தில் இது என்ன வம்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு அந்த மேஜைக் காட்சி. மகள் சொல்கிறாள், அப்பா நூலை எடுக்கிறார். அவருக்குப் பின்னால், டிவியில் வெறும் இருட்டாகத் தெரிந்த மூலையில், ஒரு பெண் ரொட்டி மாவைப் பின்னிக்கொண்டிருந்தாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தொப்பிக்காரரின் ஜாடை, கூடப் பிறந்தவளாக இருக்க வேண்டும். மகள் பேசப் பேச அவள் கை நின்றது. தலையை நிமிர்த்தி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பொறாமை இல்லை, வருத்தமும் இல்லை, அப்படிச் சொல்வது கஷ்டம். தனக்குப் பசிக்கிறது என்று திடீரென்று ஞாபகம் வந்த முகம். பிறகு மறுபடி மாவைப் பின்ன ஆரம்பித்தாள். அறையில் ஆறு பேர். மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் ஐந்து என்று எழுதியிருக்கிறேன். ஆபீஸில் இப்படி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

இடைவேளை விளக்கு எரிந்தது. நான் எழுந்து, நேராக நடந்துபோய், அவன் தோளில் கையை வைத்தேன்.

அவன் திரும்பினான். மீசை நரைத்திருந்தது. சட்டைப்பையில் இரண்டு பேனா.

"யோவ், உன் வயசென்ன, என் பொண்ணு வயசென்ன!" என்று கத்திவிட்டேன். டீ வாங்கப் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா!" என்று என் மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அந்த மனிதர் எழுந்து நின்றார். "அம்பத்தெட்டு முடியுதுங்க" என்றார் மரியாதையாக. "ஆனா நீங்க நெனைக்கறது..."

"உக்காருங்க நீங்க" என்று தூணுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அவனுக்கு நான் சொல்றேன்."

அக்கா. புதுச் செருப்பு அவள் காலில் இருந்தது.

டெப்போவில் டைம் கீப்பராம். ஒவ்வொரு பஸ்ஸும் உள்ளே வருகிற நேரத்தைக் குறிப்பவர். மனைவி இறந்து ஒன்பது வருஷம். பஸ்ஸில் கிடைக்கும் பொருளைக் கவுன்டரில் கொண்டுவந்து கொடுப்பது அவர் வேலை இல்லை, ஆனால் நாலு வருஷமாக அவர்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மாதக் கடைசியில் வேறு ஊர் டெப்போவுக்கு மாற்றல். பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்குப் பதிவு அலுவலகம். எல்லாவற்றையும் என் மகள்தான் கடகடவென்று சொன்னாள். அக்கா பக்கத்தில் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்பா அந்தப் படத்தை வீட்ல போட்டேன்" என்றாள். "நீங்க பாத்தா கொஞ்சம் இளகுவீங்கன்னு. அத்தைக்காக."

இளக்கத்தான் பார்க்கிறார்கள் என்று நான் கண்டுபிடித்தது சரிதான். ஆனாலும் அதில் எனக்கு ஒரு துளி பெருமை வரவில்லை. அசடு வழிய நின்றேன். வேறு எதுவும் தெரியாததால், கை பழக்கத்தில் அந்த மனிதரிடம் எத்தனை வருஷ சர்வீஸ், சொந்த வீடா, சர்க்கரை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சர்க்கரை மட்டும் உண்டு.

பிறகுதான் அக்கா பக்கம் திரும்பினேன். "ஏன்கா என்கிட்ட மட்டும் சொல்லல?"

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கெட்டியாக இருந்தது.

"சொல்ல வாய் வரலடா. அம்பத்தாறு வயசுல தம்பிகிட்ட போய் என்னன்னு சொல்றது? நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன். நீதான் பெரிய சல்லடையாச்சே. காலண்டர்ல அவ்வளவு பெருசா வட்டம் போட்டேன். செருப்பை ஒளிச்சு வைக்கல, உன் ஷூவுக்குப் பக்கத்துல வெச்சேன். டிவியில கூட படத்தை அந்த இடத்துலயே நிறுத்திட்டுப் போவேன், தெனமும். உன் பொண்ணைச் சந்தேகப்பட்ட. உன் பொண்டாட்டியைச் சந்தேகப்பட்ட. ஒயர் பாக்க வந்தவனைக் கூட விடல. என்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'அக்கா நீ எங்க போற'ன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. வேவு பார்க்க அவளையே அல்லவா அனுப்பினேன்! இவ்வளவு நாள் அவளை நம்பினேன் என்று நினைத்திருந்தேன். அது நம்பிக்கை இல்லை. இவளுக்கு இனி என்ன இருக்கப்போகிறது என்கிற எண்ணம். அது இவ்வளவு வருஷமாக எனக்குள் உட்கார்ந்திருந்தது எனக்கே தெரியாது. வெட்கத்தில் என் காது இரண்டும் சுட்டது.

மணி அடித்தது. டீ வாங்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். எதையாவது செய்ய வேண்டும் என்று தவித்தேன். தெரிந்தது ஒன்றுதான், சாட்சி, கையெழுத்து, அதுதானே என் பிழைப்பு.

"சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்கா" என்றேன்.

"மூணு பேருதான் வேணும்" என்றாள். "உன் பொண்டாட்டி, பொண்ணு, இவரோட வேலை பாக்கறவர் ஒருத்தர். ஏற்கனவே பேர் எழுதிக் குடுத்தாச்சு."

"அப்ப நான்?"

அவள் பதில் சொல்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. திரையில் பாட்டு ஆரம்பித்தது. கல்யாணப் பந்தலின் நான்கு கம்புகளைத் தூக்கிக்கொண்டு ஊரே நடந்து வந்தது. நான் வழியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, திரையின் வெளிச்சம் மட்டும் அவள் கண்ணாடியில் ஓடியது.

"உக்காருடா" என்றாள் அக்கா. "பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."